மூன்று மணி வரை

ஆள் மாற்றிக்கொள்ளக் கெடு இன்று மதியம் மூன்று மணி.
விடிகாலையிலிருந்து வானொலியை அணைக்கவில்லை.
தண்டர் பேயில் டாக்சி ஓட்டுகிறவள் நான், ஐலா கங்காஸ்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
வண்டிக்குள் என் வாய் மட்டும் கொதிநிலையில்.

கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்:
எங்கள் ஸ்டர்ஜன்ஸ் அணியில் விற்கக் கூடாதவர்கள் இரண்டே பேர்.
ஒருவன் கோல்கீப்பர் ஹ்ருஷ்கா.
அவன் பக்கைத் தடுப்பதே இல்லை;
கடன்காரன் தலையைக் கண்டதும் கதவைச் சாத்துகிறவன்போல
முழங்கால்களை ஒட்டிக்கொள்கிறான், அவ்வளவுதான்.
இன்னொருவன் டெவரெல், பத்தொன்பது வயது.
இடுப்பைவிட்டு இறங்க மாட்டேன் என்கிற குழந்தையாக
பக் அவன் மட்டையோடு வரும்.

கேப்டன் ஆர்ஷம்போவைத் தாராளமாக விற்கலாம்.
யானை படுத்தாலும் குதிரை உயரம் என்பார்கள்;
இந்த யானை படுத்து இரண்டு சீசன் ஆகிறது.
அவனுக்கு முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்று கேட்கலாம்.
கிடைக்கப்போவது நான்காம் சுற்றும் ஒரு கைகுலுக்கலும்.

ஆனால் பேரம் பேசுவது மேலாளர் பிராக்கன்பரி ஆயிற்றே!
போன வருஷம் நல்ல டிஃபென்ஸ் ஆட்கள் இருவரைக் கொடுத்து
முழங்காலே இல்லாத ஒருவனை வாங்கிவந்த மகராசன்.
மாட்டைக் கொடுத்து மணியை வாங்கி
அதையும் ஆட்டிக்காட்டிச் சிரித்தான் டிவியில்.

பதினேழாம் எண் கெட்லரை
நான் மூன்று வருஷமாக விற்றுக்கொண்டிருக்கிறேன்:
பயணிகளிடம், பெட்ரோல் பங்கில்,
பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி.
இடப்பக்கம் திரும்பி எதிரியைத் துரத்த வேண்டிய இடத்தில்
ஒவ்வொரு முறையும் அரை நொடி தாமதம்.
அந்த அரை நொடியில் எதிரி கோலும் போட்டுவிட்டு
கட்டிப்பிடித்துக் கொண்டாடியும் முடித்திருப்பான்.
ஒரு பை பக்குக்கு ஈடாக அவனைத் தள்ளிவிடலாம்.
பழைய பக்காக இருந்தாலும் பாதகமில்லை.

இரண்டு ஐம்பதுக்குச் செய்தி.
கெட்லர் போனான், ஓர் ஐந்தாம் சுற்றுக்கு.
ஸ்டியரிங்கை இரண்டு தட்டுத் தட்டினேன்.
ஹாரன் தானாகவே அடித்துக்கொண்டது.

நாலே முக்காலுக்கு ஓர் அழைப்பு:
அல்கோமா தெரு மாடிக் குடியிருப்பிலிருந்து
விமான நிலையத்துக்கு.
ஒரு பெட்டி, நீளமான மட்டைப் பை,
மடியில் ஓர் அட்டைப் பெட்டி.
கண்ணாடியில் பார்த்தேன்.
டிவியில் தெரிவதைவிட ஒல்லி.

"முட்டை வேணுமா உங்களுக்கு?" என்றான் கெட்லர்.
"ஒரு டஜன். நேற்றுத்தான் வாங்கினேன்.
பாதி பாலும் இருக்கு.
வீணாப் போயிடும்."

வாய் சும்மா இருக்குமா எனக்கு?
"இடப்பக்கம் திரும்புறதுல தாமதம், தம்பி."
சிக்னலில் சிவப்பு.
ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"இடுப்பு," என்றான். "வலது இடுப்பு.
அக்டோபரிலிருந்து ஊசியிலதான் ஆடறேன்."

அக்டோபர் என்றால் ஐந்து மாதம்.
மீதி இரண்டரை வருஷத்துக்குக் கணக்கு என்ன என்று
நாக்கின் நுனிவரை வந்தது.
முட்டைப் பெட்டி அதற்குள் என் பக்கத்து இருக்கைக்கு வந்திருந்தது.
கேட்கவில்லை.

மீட்டரில் இருபத்தெட்டு டாலர். நாற்பது கொடுத்தான்.
வீட்டுச் சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்று
யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டே
மட்டைப் பையைத் தோளில் ஏற்றினான்.
வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றான்,
ஒரு நொடி.
இல்லை, அரை நொடி.

இரவு மூன்று முட்டை உடைத்து ஊற்றி
மேட்ச் பார்த்தேன்.
அவன் இடத்தில் இறங்கிய பையன் பெயர் ஹால்வர்சன்.
இடப்பக்கம் மின்னலாகத் திரும்புகிறான்.
திரும்பிய பிறகு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.
பாவம், புதுசு.
ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும் என்று
முட்டையின் பேரில் முடிவு செய்தேன்.

இரண்டாம் பீரியட் முடிவதற்குள்
விலை பேசத் தொடங்கிவிட்டேன்.