ரைட் கவர்

பதினோரு சீசன் ஆடியிருக்கிறேன்.
சந்தேகமென்றால் பழைய வீடியோவைப் போட்டுப் பாருங்கள்.
களத்தில் நாலு பேர் மட்டும் மிஞ்சியிருக்க,
தரம்வீர் கணுக்காலுக்குப் பாய்கிற காட்சி எல்லாவற்றிலும்
அவன் இடது கையைப் பிடித்தபடி
திரையின் ஓரத்தில் ஒரு கை வரும்,
மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு.
அது என்னுடையது.

கவர் என்றால் உறை என்றுதான் அப்போது தெரியும்.
மல்லியகரைப் பந்தயத்தில் ஜெயித்த பணம்
பழுப்புக் கவரில் வந்தது,
ஏழு பேருக்கு எண்ணூறு ரூபாய்.
தமிழிலேயே அதற்கு இன்னொரு பொருள் உண்டென்று
பின்னால் ஒருவர் சொன்னார்:
கவர், பற்றிக்கொள், பறி.
நான் அப்படிச் செய்ததாக
ஸ்கோர் தாளில் அதிகம் இல்லை.

முதல் ஏலத்தன்று சேகோ ஆலையில் இருந்தேன்,
கிழங்குத் தோல் புளித்த நாற்றத்தில்
போனைக் கையில் வைத்துக்கொண்டு.
அப்பாவுக்கு ஏலம் புதிதல்ல.
சேலத்துக்குப் போகும் ஜவ்வரிசி மூட்டையில்
வெள்ளை கொஞ்சம் மங்கினால் விலை இறங்கும்.
"உன்னை எதைப் பாத்துடா எடுப்பாங்க?"
எண்பத்துநாலு கிலோ இருந்தேன்.
எண்பத்தைந்தைத் தாண்டினால் ஆட முடியாது.
"அப்ப சோத்தைக் குறை" என்றார்.
அன்று சொன்ன அறிவுரை அவ்வளவுதான்.

சென்றாயன் என்ற பெயர்
வர்ணனையாளர்கள் வாயில் நுழையவில்லை.
சென்னையன் ஆனேன், அப்புறம் வெறும் சென்னை.
மூன்றாம் சீசனில் தனியாக ஒருவனைத்
தூக்கிப்போட்ட இரவில்
"சென்னை! சென்னை!" என்று அரங்கமே கத்தியது.
ஆத்தூரில் டிவி பார்த்தவர்கள்
யாரோ ஜெயிக்கிறான் என்று
சேனல் மாற்றினார்களாம்.

ஐந்து ஊர்களின் பனியன்.
ஆரஞ்சு, ஊதா, பச்சை, மறுபடி ஆரஞ்சு,
கடைசியாக என்ன நிறமென்றே சொல்ல வராத ஒன்று.
எல்லாவற்றிலும் முதுகில் என் பெயர் தப்பு.

இடது முட்டி ஏழாவது சீசனில் போனது.
காய்ந்த மாங்கொட்டையை மிதித்தது மாதிரி
ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது.
தரம்வீர் இன்னும் ரைடரின் காலில் கிடந்தான்.
கையை விட்டால் இழுபட்டுப் போய்விடுவான்.
விசில் ஊதி, பாயிண்ட் விழுந்து,
அவன் எழுந்து தொடையைத் தட்டினான்.
தட்டுவதற்குக் கை வேண்டுமே,
அப்போதுதான் என் கையை விட்டான்.
அப்புறம் நான் விழுந்தேன்.

கடைசி ஏலத்தில்
என் பெயர் திரையில் எட்டு நொடி நின்றது.
ரைடுக்கே முப்பது நொடி கொடுப்பார்கள்.

இப்போது சேலம் ஜங்ஷனில் கறுப்புக் கோட்டு.
ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீடு, பென்ஷன் உண்டு.
டிக்கெட் இல்லாத பையன் ஒருவன்
முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டான்,
"அண்ணே, நீங்க தரம்வீர்கூட ஆடினவர்தானே?
அவர் எப்படிண்ணே, நல்லாப் பேசுவாரா?"
நன்றாகப் பேசுவார் என்று சொல்லி
ரசீது எழுதினேன்.

நேற்று இரவு
ஏற்காடு எக்ஸ்பிரஸ் நகர ஆரம்பித்தபின்
ஒருத்தர் ஓடி வந்தார்,
ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் கம்பி.
கால் படியைத் தவறவிட்டது.
நான் யோசிக்கவில்லை. வலது கை போனது,
கெட்ட முட்டி பிளாட்பாரத்தில் இடித்தது,
பெட்டிகள் ஒவ்வொன்றாய்க் காதருகே போயின.

சிவப்பு விளக்கு மறைந்தபின்
அவர் எழுந்து உட்கார்ந்தார்.
ஒரு செருப்பு தண்டவாளத்தில்.
"ஏறியிருப்பேன் சார். கெடுத்துட்டீங்க.
காலைல பத்து மணிக்கு இண்டர்வியூ."
தாம்பரத்துக்குப் பஸ் இருக்கிறது என்றேன்.
"பஸ்ஸுல வாந்தி வரும்."
டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.
குடிக்க முடியாமல் அவர் என்னையே பார்த்தார்.

"சார்,
கைய விடுங்க சார்."