மூணு இஞ்ச்

நாளைக் காலையில் வண்டியைத் தூக்குகிறோம்.
வேண்டிய சாமான்களைத் தார்ப்பாயில் பரப்பியிருக்கிறேன்:
கப்பலூர் லேத்தில் கடைந்த இரும்புக் கட்டை இரண்டு,
நீளமான யூ போல்ட் நாலு,
புது சென்டர் போல்ட், ஷாக் அப்சர்பர் ஒரு ஜோடி,
பிரேக் ஹோஸ், பழசைவிட அரைச்சாண் கூடுதலாக.
மெக்கானிக் பீர் கனி எழுதித் தந்த சீட்டில்
கடைசி வரி: பொறுமை.
அதற்கு மட்டும் விலை போடவில்லை.

மூன்று நாளாக நட்டுகளுக்கு டீசல் ஊட்டுகிறேன்.
காலையில் ஒரு பிரஷ், சாயங்காலம் ஒரு பிரஷ்.
இருபத்திரண்டு வருஷத் துரு
கேட்டுக்கொண்டிருக்கிறது, பதில் சொல்லவில்லை.

சிறுமலை அடிவாரத் தோப்புக்கும்
வாடிப்பட்டி ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை.
தண்ணீர் ஓடுவது வருஷத்தில் பத்து நாள்,
மிச்ச நாளெல்லாம் பாறைதான் ஓடும்.
அதில் ஒரு பாறைக்கு என் வண்டியின் ஹவுசிங் மேல்
தனி ஆசை.
கார்த்திகையில் அது கொடுத்த முத்தத்தில்
ஆயில் ஒழுகி
தேங்காய் லோடோடு ராத்திரி முழுக்க நின்றேன்,
கொசுவும் நானும்.

அதனால்தான் இந்த மூணு இஞ்ச்.

சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை
டேப் பிடித்து, சாக்பீஸால் டயரிலேயே எழுதினேன்.
நாலில் மூன்று ஒரே கணக்கு.
வலது முன்பக்கம் அரை இஞ்ச் தாழ்வு.
எனக்கு முன்னால் இரண்டு ஓனர்,
முகம் தெரியாத அவர்களும் நானும்
ஒரே இடத்தில் உட்கார்ந்து அமுக்கிய அரை இஞ்ச்.
டார்ஷன் பார் போல்ட்டில்
வெளியே தெரியும் மரைகளை எண்ணினேன். பதினொன்று.
இன்னொரு தடவை எண்ணினேன். பன்னிரண்டு.
பன்னிரண்டு என்றே எழுதினேன்.

அப்போதுதான் கணக்குத் தீர்க்க வந்தாள் பஞ்சவர்ணம்,
தோப்பில் லோடு ஏற்றும் மூன்று பேரில் மூத்தவள்.
தார்ப்பாயைப் பார்த்தாள்,
இரும்புக் கட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.
"இதப் போட்டா வண்டி ஒசருமா?"
"மூணு இஞ்ச்."

வண்டியின் பக்கப் பலகையை ஒட்டிப் போய் நின்றாள்.
மேல் விளிம்பு அவள் காறை எலும்புக்கு நேரே இருந்தது.
கட்டையைத் தோளில் வைத்து
அதன் மேல்நுனி எங்கே வருகிறதென்று
விரலால் தொட்டுக் காட்டினாள்.
கழுத்தில், தாலிக்கயிறு பதிந்த தடத்துக்கும் மேலே.

"ஒரு லோடுக்கு எம்பது கூடை.
எம்பது மூணு எரநூத்தி நாப்பது.
இருவது அடி, என்ன?
ஒங்க வண்டி பாறைக்குத் தப்பிக்க
தெனமும் நாங்க கூட ஒரு மரம் ஏறணும்."

கோபமாய்ச் சொல்லவில்லை.
பணத்தை எண்ணி, முந்தானையில் முடிந்து,
ஒரு பத்து ரூபாய் கிழிந்திருக்கிறதென்று மாற்றிக் கேட்டாள்.
மாற்றிக் கொடுத்தேன்.

ராத்திரி போனில் கேட்டேன்,
இரண்டு இஞ்ச்சாகக் குறைக்க முடியுமா என்று.
"கட்டைய மறுபடி லேத்துக்குக் கொண்டுபோகணும்,
நாளைக்கு ஞாயித்துக்கெழம" என்றார் பீர் கனி.
பிறகு, "பாறைக்கும் ரெண்டு பத்தாது."

டார்ச் வெளிச்சத்தில் சீட்டை எடுத்து
பொறுமைக்குக் கீழே எழுதினேன்:
ஏறி நிற்கப் பலகை, கால் வைத்தது, அரையடி உயரம், ஒன்று.
அதற்கும் கீழே:
கூடைக்குக் கூலி
என்று எழுதி, தொகை எழுதாமல்
பேனாவை வாயில் வைத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தேன்.

சும்மாதான் ஸ்பானரை மாட்டினேன்.
காலால் ஓர் அழுத்து.
இடது பின்பக்கம், உள்பக்க நட்டு,
மூன்று நாள் பேசாமலிருந்தது,
கால் சுற்று
க்ரீச்சென்று திரும்பியது.
துரு கண்ணில் விழுந்தது.