நான்காம் கட்டில்

விதி ஒன்று: ஓர் இருக்கையில் ஒருவர் மட்டுமே.
இதை எழுதியவர் ஷார்ஜாவில்
வாடகைக்கு இருந்ததில்லை.

ரோலாவில் ஒரு சலூனுக்கு மேலே மூன்றாம் மாடி.
ஐந்து கட்டில், ஆறு பெண்கள்.
நான்காம் கட்டில் இரவில் எனக்கு,
பகலில் அச்சியெங்குக்கு.
கென்யாக்காரி. மால் ஒன்றில் ராக்காவல்.
நான் கண் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் பில் போடுகிறவள்.
நான் இறங்கப் போகும் லிஃப்டிலிருந்து அவள் வெளியே வருவாள்.
குட் மார்னிங் என்பேன்.
குட் நைட் என்பாள்.
எட்டு மாதத்தில் பேசியது அவ்வளவுதான்.
மற்றபடி அவளை எனக்குத் தலையணை வழியாகத் தெரியும்:
தைல வாசனை,
மெத்தையின் இடப்பக்கம் ஒரு பள்ளம்.

புத்தகம் பழையது. விசா முடிந்து கிளம்பியவன் ஒருவனிடம்
பதினைந்து திர்ஹாமுக்கு வாங்கினேன்.
முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது:
'கூற்றுகள் நடைமுறைக்கு முரணாகத் தோன்றினாலும்
உண்மை என்றே கொள்ளவும்.'
இதில் எனக்குப் பழக்கம் உண்டு.
என் ஆஃபர் லெட்டரில்
'தனித் தங்குமிடம் வழங்கப்படும்' என்று இருந்தது.

எல்லாப் பூனைகளும் நாற்காலிகள்.
சில நாற்காலிகள் மழை.
எனில் சில பூனைகள் மழையா?
அல் நஹ்தா சிக்னலில் பஸ் நாற்பது நிமிடம் நின்றது.
டிக்கெட்டின் பின்புறம் வட்டம் வட்டமாக வரைந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து
டீச்சரா என்று ஹிந்தியில் கேட்டார்.
முப்பத்து நான்கு வயதில் எம்பிஏ என்று சொல்ல
நாக்கு எழவில்லை.
ஆமாம் என்றேன்.
பூனைகள் மழையாக வேண்டிய கட்டாயம் இல்லை.

பதினான்காம் கேள்வி.
ஆறு பேர் வரிசையாக உட்காருகிறார்கள்.
டி-யும் எஃப்-பும் அடுத்தடுத்து இருக்கமாட்டார்கள்.
ஏ ஓர் ஓரத்தில். இன்னும் நான்கு நிபந்தனைகள்.
சி எங்கே?
மூன்று ராத்திரி தேடினேன்.
தலையணைக்கடியில் செருகிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலை திறந்தால்,
என் கிறுக்கலுக்குக் கீழே, கண்மைப் பென்சிலில்
ஆறு சின்னக் கோடுகள். ஐந்தாவதின் மேல் சி.
பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு வரி:
'ஓரம் என்றால் இடது ஓரம்தானா?'

வலது ஓரத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை.

அன்றிலிருந்து புத்தகமும் ஷிஃப்ட் மாறுகிறது.
நான் நீல மை, அவள் கண்மை.
கடைசியில் விடைப் பக்கங்கள் இல்லை,
கிழித்து எதையோ எண்ணெய் ஒற்றியிருக்கிறான்,
மிச்ச ஓரத்தில் மஞ்சள் கறை.
ஆகவே எங்கள் வழி இது:
இருவர் விடையும் ஒன்றானால் அது சரி.
இப்படி முடிவுகட்டுவது பிழை என்று
ஐந்தாம் அத்தியாயமே சொல்கிறது, உதாரணத்தோடு.
படித்தோம். டிக் போட்டோம்.

பெருநாள் விடுமுறையில்தான் சிக்கல்.
இருவருக்கும் ஒரே நாள் லீவு. கட்டில் ஒன்று.
சூட்கேஸ் மேல் கால் நீட்டி உட்கார்ந்தோம்.
நண்பகலில் பிறந்தவள் என்று தன் பெயருக்கு அர்த்தம் என்றாள்,
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
நீயும் எழுதலாமே என்றேன். ஃபீஸ் எவ்வளவு என்றாள்.
சொன்னேன்.
விசில் அடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

முப்பத்தொன்று: காவலாளிகள் தூங்குவதாகப் புகார்.
நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். புகார் குறைந்தது.
எனவே தூக்கத்துக்குக் காரணம் நாற்காலி.
இந்த வாதத்தை எது பலவீனப்படுத்தும்?

பி, என்றேன்: அதே வாரம் புகார்ப் புத்தகத்தையும் எடுத்துவிட்டார்கள்.
ஈ, என்றாள்: நின்றபடியே தூங்க முடியும்.
அனுபவத்தை வைத்துப் பதில் சொல்லக்கூடாது,
தாளில் உள்ளதை மட்டும் பார் என்றேன்.
தாளில்தான் இருக்கிறது என்று
ஈ-யின் மேல் விரலை வைத்தாள்.
நான் நீலத்தில் பி எழுதினேன்.
அவள் கறுப்பில் ஈ எழுதினாள், சற்றுப் பெரிதாக.

தேர்வு பத்தொன்பதாம் தேதி.
அன்றிரவு அவள் கீழே பாயில் படுத்தாள், கேட்கவில்லை.
விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்து,
ஏசி சத்தத்துக்கு நடுவே,
'ஈ' என்றாள்.