எளிய வகை

ஹோலெஷொவிட்செயில் நான்காம் மாடி.
கீழே டிராம் வளைவில் கீச்சிட்டுத் திரும்பும்போதெல்லாம்
என் கோப்பையில் காப்பி ஒரு வட்டம் போடும்.

எடிட்டரில் 'புதிய எளிய வகை' என்பதைச் சொடுக்கினேன்.
பெயர் கேட்டது. கொடுத்தேன்: வீட்டெண்.
எதிலிருந்து பிறக்கிறது என்று கேட்டது.
முழு எண்ணிலிருந்து.
குறைந்தது ஒன்று, அதிகம் நான்கு இலக்கம்.

எளிய வகைக்குப் பிள்ளைகள் கிடையாது.
பண்புகளும் கிடையாது.
கையேட்டில் இதைப் படித்த அன்று
எங்கள் மேலாளரை நினைத்துச் சிரித்துவிட்டேன்.
அதற்கு இருப்பதெல்லாம் ஒரே ஒரு மதிப்பு,
சுற்றிலும் நான் இழுத்த கோடு.

பிராகில் ஒரு வீட்டுக்கு இரண்டு எண்.
சிவப்புத் தகட்டில் இருப்பது பதிவேட்டுக்கு,
நீலத் தகட்டில் இருப்பது நடந்து வருகிறவனுக்கு.
நீலத்தில் சில சமயம் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும்,
பன்னிரண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏ.
முழு எண் அங்கேயே செத்தது.
சரத்துக்கு மாறினேன், ஒரு வடிவம் எழுதினேன்:
இலக்கங்கள், வேண்டுமானால் கடைசியில் ஒரு சிற்றெழுத்து.
சோதனைக்கு என் வீட்டையே கொடுத்தேன்.
பச்சை விளக்கு.
அந்தக் கணம் நான் இந்த நகரத்தில் செல்லுபடியானவள்.

கட்டுப்பாட்டால் பிறக்கும் வகை
தாயைவிடப் பெரிதாக முடியாது. விதி அப்படி.
சுருக்கலாம், இன்னும் சுருக்கலாம்,
உள்ளே எதுவுமே நுழையாதபடி சுருக்கலாம்,
அதற்கும் எடிட்டர் மறுப்புச் சொல்லாது.
விரிக்க மட்டும் வழியில்லை.

திங்கட்கிழமை கோப்பு வந்தது,
ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போகவேண்டிய முகவரிகள்.
4117ஆம் வரி சிவப்பு.
வெண்டெலீன் ஷ்க்வோர், வயது எழுபத்தொன்று.
வீட்டெண் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ தட்டியிருந்தது:
லிபென் பாலத்துக்குக் கீழே, பச்சைப் படகு, நாய் கடிக்காது.

முதல் எழுத்திலேயே என் வடிவம் முகம் திருப்பிக்கொண்டது.
அதற்கு முதலிலிருந்து முடிவுவரை பொருந்தவேண்டும்,
நடுவில் எங்கோ உண்மை இருந்தால் போதாது.

பூஜ்யம் போடேன், என்றாள் ஹெர்மீனா.
பூஜ்யமும் எண்தான்,
இரவு மூன்று மணிக்கு அந்தக் கதவைத் தேடுவார்கள்.
காலியாக விடு.
காலியும் ஒரு சரம். நீளம் ஒன்றுமில்லை,
ஆனாலும் வரிசையில் வந்து நின்று 'உள்ளேன்' என்கிறது.
அந்தப் புலத்தையே எடுத்துவிடு.
எடுத்தால் அவர் வீடில்லாதவர் ஆகிவிடுவார்.
இருப்பவரை எப்படி இல்லாதவர் என்பது?
ஹெர்மீனா தோளைக் குலுக்கிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

நான் டிராம் ஏறினேன்.

படகு பச்சை இல்லை.
போன கோடையில் நீலம் பூசினாராம், பச்சை வண்ணம் தீர்ந்துபோனதால்.
புகைக்குழாய், ஜன்னலில் ஜெரேனியம், கயிற்றில் காலுறைகள்.
நாய் கடிக்காது என்பது மட்டும் இன்னமும் உண்மை:
அது வசந்தத்தில் செத்துவிட்டது.
'எண்ணா?' என்று யோசித்தார்,
பிறகு கயிறு கட்டிய இரும்புத் தூணைக் காலால் தட்டினார்.
துருவுக்கு நடுவே வெள்ளையில் கே 6.

திரும்பி வந்து வீட்டெண்ணைத் தொடவில்லை.
அதன் பக்கத்தில் இன்னொன்று செய்தேன், தூணெண்:
ஒரு பேரெழுத்து, ஓர் இடைவெளி, ஒன்றோ இரண்டோ இலக்கம்.
இரண்டையும் ஒரு சேர்க்கைக்குள் வைத்தேன்.
இதுவாக இருக்கலாம், இல்லை அதுவாக இருக்கலாம்.
எந்தத் தாயும் அகலவில்லை,
ஆனால் இப்போது வாசல் இரண்டு.
சேர்க்கைக்கு இருப்பிடம் என்று பெயர் வைத்தேன்.

வகைக்கு அடியில் 'விளக்கம்' என்று ஒரு பெட்டி உண்டு.
அங்கே எழுதுவதை யாரும் சரிபார்ப்பதில்லை.
எழுதினேன்: படகின் நிறத்தை நம்பவேண்டாம், தூணை நம்பவும்.
நாயைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன்.
பெயர் கேட்காமல் வந்துவிட்டேன்.

சேமித்தேன்.
4117 பச்சை.
5302 சிவப்பு.