ரொட்டிக்கு ஒன்பது யூனிட்

ரோலிக் என்று பெயர் வைத்தவன் என் மகன்.
இங்கே பிர்னோவில் காலையில் எல்லோரும் தின்கிற
நீள வெள்ளை ரொட்டிக்கு அந்தப் பெயர்.
குட்டியிலேயே அப்படித்தான் நீட்டிப் படுக்கும்.
பதினான்கு வருடம் கழித்து
ரொட்டிக்கே சர்க்கரை வரும் என்று
யார் கண்டது.

காலை ஐந்தரை, மாலை ஐந்தரை.
நடுவில் நான் டிராம் ஓட்டுகிறேன்.

காது நுனியில் வாஸ்லின், ஒரு குத்து,
எள்ளளவு ரத்தம்.
மீட்டர் ஐந்து விநாடி யோசிக்கும்.
அந்த ஐந்து விநாடியும் நான் மூச்சு விடுவதில்லை,
பூனை விடுகிறது.
இருபத்தாறு.
நேற்று இருபத்தெட்டு.
ஆறிலிருந்து பத்துக்குள் நின்றால் போதும் என்று
டாக்டர் பொக்லுதோவா எழுதித் தந்த தாள்
ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது,
வராத விருந்தாளிக்குப் போட்ட நாற்காலி மாதிரி.

ஒரு யூனிட். இரண்டு. மூன்றரை. ஐந்து.
கிண்ணம் கிண்ணமாய்த் தண்ணீர் குடித்தது.
பின்னங்கால் குதி தரையில் பட
கிழட்டு முயல் போல நடந்தது.
மணல் தட்டை எட்டுமுன்
பாத்ரூம் மிதியடியிலேயே முடிந்துவிடும்.
துவைத்த மிதியடி காயுமுன் அடுத்தது.

மாலை ஷிஃப்ட் வாரங்களில்
ஊசி போடுவது எதிர்வீட்டு ஹினெக்.
முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்.
தினமும் என் நோட்டில் நம்பரை எழுதி
கீழே ஒரு வரி சேர்ப்பார்:
"எந்த மாடியிலும் நிற்கவில்லை."

ஜனவரியில் ஒருநாள் நின்றது, நிலவறையில்.
இரண்டு புள்ளி நான்கு.
கண் திறந்திருந்தது, பார்வை இல்லை.
இரவு இரண்டு மணி, ஈறில் தேன் தடவி
தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.
விடிந்ததும் முப்பது.

அதற்குப் பிறகு எனக்குப் புத்தி கெட்டது.
ஹினெக் சட்டையில் ஹாம் வாசனை என்று தோன்றியது.
கை நடுங்கி ஊசியை ரோமத்தில் விடுகிறாரோ.
ஊறுகாய் ஜாடியில் போட்டுவைத்த
பழைய சிரிஞ்சுகளைக் கொட்டி எண்ணினேன்.
பதினான்கு. வாரத்துக்குச் சரி.
சரியாக இருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.
மருந்துக் குப்பியில் பேனாவால் கோடு போட்டேன்,
வேலைக்காரர் மேல் சந்தேகப்பட்டு
பாட்டிலில் கோடு போடும் பணக்காரர்கள் போல.
அவர் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பார்.
ஒன்றும் சொல்லவில்லை.

"எடை ஏறியிருக்கிறதே," என்றார் டாக்டர்.
"இந்த நோயில் இளைக்க வேண்டுமே.
பழைய போட்டோ இருக்கிறதா?"
இருந்தது: மகனின் பள்ளிப் பை மேல் ரோலிக்,
சின்ன முகம், சின்னப் பாதம்.
மேஜை மேல் இருந்ததோ
கையுறை போட்டாற்போல் பாதங்கள்,
தாடை அகன்ற ஏதோ ஒரு பெரியப்பா.
தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியவே இல்லை.

மூளையின் அடியில், கடுகளவுதான்.
அது நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருக்கிறதாம்:
வளரு, வளரு.
பதினான்கு வயதில்,
பல் இரண்டு விழுந்த பிறகு,
வளரு.
எவ்வளவு இன்சுலின் ஊற்றினாலும்
அந்தக் குரல் குடித்துவிடும்.

கதிர் வைத்தியம் வேறு ஊரில், மயக்கமருந்து,
என் நான்கு மாதச் சம்பளம்.
நான் பதில் சொல்லவில்லை.
"ஊசியும் ஒரு வழிதான்," என்றார்.
ஒன்பது யூனிட் எழுதினார்.

அன்று கால்கிலோ ஹாம் வாங்கிக்கொண்டு
ஹினெக் வீட்டு மணியை அடித்தேன்.
பொட்டலத்தைப் பார்த்தார்.
என் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த என் கதவைப் பார்த்தார்.
"மூடிக் கொண்டு வா. அவன் பார்த்துவிடப் போகிறான்."
மன்னிப்பைப் பற்றி
இருவரும் அதற்குமேல் பேசவில்லை.

இன்று மாலை கடைசி நிறுத்தத்தில்
ஆறு நிமிட ஓய்வு.
போன் அதிர்ந்தது. வெறும் நம்பர்:
பதினேழு.
ஜெயித்ததாக அர்த்தமில்லை.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று:
"மூன்றாம் மாடியில் கதவு திறந்தது.
உன் சோபாவில் நீட்டிப் படுத்திருக்கிறான்."

பனி ஒட்டிய கண்ணாடியைத் துடைத்தேன்.
யாரோ ஓடி வந்துகொண்டிருந்தார்கள், கையில் பையோடு.
இரண்டு விநாடி தாமதமாகக் கதவை மூடினேன்.