ஒரே ஒரு பிட்

செவ்வாயன்று அச்சான இரங்கல் அட்டையில்
கோவெண்டர், வோவெண்டர் ஆகியிருந்தார்.
இறந்தவரின் மருமகன் கத்தவில்லை.
அட்டையைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு
கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார்.
கத்தியிருக்கலாம்.

அடித்தவள் நான். கோகிலாம்பாள்;
டொங்காட் முழுக்க கோகி.
பதினோரு வருடமாகச் சாவுகளைப் பதிகிறேன்.
கீபோர்டில் அந்த இரண்டு எழுத்தும்
அடுத்தடுத்த வீடுகூட இல்லை,
விரல் எப்படி வழி தவறும்?

வெருலம் கடையிலிருந்து சான்டிலே சொன்னான்:
"கம்ப்யூட்டர் கணக்கில் ஜி-க்கும் டபிள்யூ-க்கும்
ஒரே ஒரு பிட்தான் தூரம்.
பூஜ்யம் ஒன்றாகிவிட்டது. மெமரியாக இருக்கும்.
ராத்திரி முழுக்க சோதனை ஓடட்டும்."

ராத்திரி முழுக்கவா?
எட்டுக்குப் போன கரண்ட் பத்தரைக்கு வந்தது.
எழுபது சதவீதம் தாண்டும்போது மறுபடி இருட்டு.
குளிரறைக்கு மட்டும் ஜெனரேட்டர்.
அதிலிருந்து ஒரு வயர் இழுத்தேன்.
உள்ளே படுத்திருந்த மூவரும்
ஆட்சேபிக்கவில்லை.

மூன்றேகாலுக்கு முதல் சிவப்பு வரி.
பக்கத்து முகவரியில் இன்னொன்று.
பிறகு திரை முழுக்க,
அம்மை வார்த்ததுபோல.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு தகடுகள்.
பென்சில் ரப்பரால் பொன்முனைகளைத் தேய்த்து
ஒன்றைக் கழற்றி, மற்றதை ஓட்டி,
இடம் மாற்றிச் செருகி, மறுபடி ஓட்டி.
எங்கே செருகினாலும்
அந்த ஒன்றுதான் சிவந்தது.
இடத்தின்மேல் பழியில்லை.

"அறுநூற்றைம்பது ரேண்டா?" என்றார் தயாளன்.
"நல்லது ஒன்று இருக்கிறதே, மெதுவாக ஓடட்டும்.
நம்மிடம் வருகிறவர்களுக்கு
என்ன அவசரம்?"

நான் விலையைப் பற்றி யோசிக்கவில்லை.
எப்போதிலிருந்து என்று யோசித்தேன்.

கவுண்டர்தான் கோவெண்டர் ஆனார் என்பார்கள்.
துறைமுகத்தில் யாரோ ஒரு குமாஸ்தா
காதில் விழுந்ததை எழுதியிருப்பான்.
அதை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை.
இப்போது அதற்கு ஒரு எழுத்து குறைந்தால்
மருமகனுக்கு முகம் மாறுகிறது.
மாறத்தான் வேண்டும்.

புதுத் தகடு போட்டாயிற்று, என் சம்பளத்தில்.
பழையதன்மேல் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி,
யாரும் தெரியாமல் செருகிவிடக் கூடாது.
மாலைகளில் குடும்பத்தார் கையால் நிரப்பிய படிவங்களை
கோப்போடு ஒப்பிடுகிறேன், பின்னோக்கி.
மார்ச் வரை வந்திருக்கிறேன்.

ஏப்ரலில் ஒன்று கிடைத்தது.
பெயர் சரி. தேதி சரி.
தகனம் மணி மூன்று என்பது
ஏழு என்று போயிருக்கிறது.
அதற்கும் ஒரே பிட்தான்.
குடும்பம் போனில் பேசி மூன்றுக்கே வந்தது,
புகார் எதுவும் இல்லை.

அட்டையை மட்டும் நம்பிய யாரோ ஒருவர்
ஏழு மணிக்குப் பூவோடு வந்து
பூட்டிய கேட்டை
ஆட்டிப் பார்த்திருக்கலாம்.