ஈர வளையம்

மூன்றாம் முறையாகக் கழற்றினேன்.
புது சீல். அளந்து ஊற்றிய எண்ணெய்.
இருந்தும் பர்கூர் போய்த் திரும்புவதற்குள்
வலது ஃபோர்க்கில் ஈர வளையம்,
அதில் அப்பிய கிரானைட் தூள்.

"சீலு டூப்ளிகேட்டா, முனிரத்னம்?"
குவாரியில் கணக்கெழுதும் ரெஜினா,
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.

பஞ்சை எடுத்துக் குழாய்மேல் இழுத்தேன்.
வழுக்கிக்கொண்டே வந்தது,
ஓரிடத்தில் மட்டும்
ஓர் இழையை விட்டுவிட்டு வந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை.
நகம் தட்டியது.
எந்த லாரியிலிருந்து தெறித்ததோ,
கடுகில் பாதி கல்.

கையுறையை உருவி
அவளே தடவிப் பார்த்தாள்.
"ம்" என்றாள்.
அப்புறம்தான் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

வாட்டர் பேப்பரை நனைத்தேன்.
தேய்த்து முடித்தால்
இன்னொரு சீல் வாங்க வேண்டும்,
போன வாரம்
"போலி விக்கிறியா" என்று
நான் கத்திவிட்டு வந்த
அதே கடையில்.